பழைய படகு மோட்டாரைப் பேணுவது எப்படி?

சென்னைக் கடற்கரைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். மணலில் இழுத்து வைத்திருக்கும் கண்ணாடியிழைப் படகின் பின்பலகையில் சில சமயம் ஓர் எஞ்சின் தொங்கிக் கொண்டிருக்கும். மேலே தலை போன்ற ஒரு மூடி. அதன் கீழே நீண்ட கால். காலின் அடியில் மூன்று இதழ்கள் உள்ள ஒரு விசிறி. வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்தி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். படகுக்கு வெளியே மாட்டப்படுவதால் இதற்கு 'அவுட்போர்டு மோட்டார்' என்று பெயர். இலங்கைத் தமிழர்கள் இதை 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று அழகாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரையைக் குமணன்சாவடியில் உட்கார்ந்து படிக்கும் ஒரு மாணவருக்கு, "கடல் இங்கிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவு. எனக்கும் படகு மோட்டாருக்கும் என்ன தொடர்பு?" என்று தோன்றலாம். வடக்கே கூவம், தெற்கே அடையாறு, அருகிலேயே செம்பரம்பாக்கம் ஏரி. இதுதான் நம் ஊரின் அமைப்பு. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர், அதாவது சுமார் 820 கன மீட்டர் நீர், அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளில் தெருக்களே ஆறுகளாயின. பேருந்து ஓடிய இடத்தில் படகு ஓட வேண்டியதாயிற்று. பேரிடர் மீட்புப் படையினர் ரப்பர் படகுகளுடன் வந்தார்கள். கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போதும் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து பல்லாயிரம் பேரைக் காப்பாற்றினார்கள்.

அத்தகைய ஒரு நாளில், மூலையில் மூன்று ஆண்டுகள் கிடந்த மோட்டாரின் கயிற்றை இழுத்தால் அது கிளம்புமா? கிளம்பினாலும் நட்டாற்றில் நின்றுவிடாமல் ஓடுமா? இந்தக் கேள்விக்கான விடை, அந்த மூன்று ஆண்டுகளில் அதை யார் எப்படிப் பேணினார்கள் என்பதைப் பொறுத்தது. கடலுக்குப் போகும் மீனவருக்கோ இது அன்றாடக் கேள்வி. எஞ்சின் நின்றால் முதலில் அன்றைய வருமானம் போகும். காற்று கரையிலிருந்து வீசினால் உயிருக்கே ஆபத்து.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த மோட்டாரைப் பேணுவதற்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி உங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மோட்டாரின் உடலமைப்பு

வெற்றிகரமாக விற்பனையான முதல் பெட்ரோல் அவுட்போர்டு மோட்டார்களில் ஒன்றை அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் நார்வேயில் பிறந்தவர். அதன் திறன் ஒன்றரைக் குதிரைத் திறன்தான். அன்றைய அமைப்பே சிறு மாற்றங்களுடன் இன்றும் தொடர்கிறது.

மோட்டாரை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். மேலே இருப்பது எஞ்சின். நடுவில் இருப்பது செங்குத்தான சுழல் தண்டும், அதைச் சுற்றிக் குளிர்நீரும் புகையும் செல்லும் வழிகளும். அடியில் பல்சக்கரப் பெட்டியும் விசிறியும் உள்ளன. செங்குத்துத் தண்டின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் கிடைமட்டச் சுழற்சியாக மாற்றுகின்றன. வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, திருப்புவிசையைக் கூட்டித் தருகின்றன. விசிறி நீரைப் பின்னால் தள்ளுகிறது. நீர் விசிறியை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நம் கரையில் புழங்கும் பழைய மோட்டார்களில் பெரும்பாலானவை 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இரு வீச்சு எஞ்சின்கள். இவற்றில் தனி வால்வு அமைப்போ எண்ணெய்த் தொட்டியோ கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது அதன் கீழே உள்ள அறையில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அக்கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுத் துளை வழியாகப் பிஸ்டனுக்கு மேலே போய்ச் சேருகிறது. அங்கே அது எரிகிறது. வரும் வழியில் அது சுழல்தண்டையும் தாங்கிகளையும் தொட்டுக்கொண்டே வருவதைக் கவனியுங்கள். ஆகவே எரிபொருளிலேயே மசகெண்ணெயைக் கலந்துவிட்டால் எல்லாப் பகுதிகளுக்கும் எண்ணெய் கிடைத்துவிடும். இந்த அமைப்பின் எளிமையும் ஆபத்தும் இதிலேயே இருக்கின்றன. எண்ணெய் கலக்க மறந்தால் எஞ்சினுக்கு மசகே கிடையாது.

முதலில் மூன்று சோதனைகள்

உங்கள் கைக்கு ஒரு பழைய மோட்டார் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஓட மூன்று தேவைகள் உண்டு: போதிய அழுத்தம், தக்க நேரத்தில் மின்பொறி, சரியான எரிபொருள் கலவை. எஞ்சின் கிளம்பவில்லை என்றால் இவற்றுள் ஒன்று குறைகிறது என்று பொருள். கண்டபடி கழற்றாமல் இம்மூன்றையும் வரிசையாகச் சோதிப்பதே அறிவியல் முறை. (கூட ஒரு பெரியவரோ மெக்கானிக்கோ இருக்கட்டும். எரிபொருள் தொட்டியை முதலில் பத்தடி தள்ளி வைத்துவிடுங்கள்.)

அழுத்தம்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துளையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு, கயிற்றை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். விரல் எளிதாகத் தாங்கிக்கொண்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று ஐயப்படலாம். இரண்டு சிலிண்டர்கள் உள்ள மோட்டாரானால் மெக்கானிக்கிடம் உள்ள அழுத்தமானியால் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால், மோட்டாரை விலைக்கு வாங்கும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்யலாம்.

மின்பொறி: கழற்றிய பிளக்கின் நிறம் ஒரு மருத்துவ அறிக்கை போன்றது. இளம் பழுப்பு நிறமானால் எஞ்சின் நலம். கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் எண்ணெயோ எரிபொருளோ மிகுதி. வெள்ளையாக வெந்து போயிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. துடைத்த பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்துக் கொண்டு கயிற்றை இழுத்தால், நீல நிறப் பொறி பளிச்சென்று தெரிய வேண்டும். அருகில் பெட்ரோல் ஆவி இருக்கவே கூடாது. பிளக் துளையைத் துணியால் மூடிவிடுங்கள்.

இந்தப் பொறிக்குப் பேட்டரி தேவையில்லை என்பது வியப்பல்லவா? கயிற்றை இழுக்கும்போது மேலே உள்ள கனமான சக்கரம் சுழல்கிறது. அதில் பதித்த காந்தங்கள் கம்பிச் சுருளைக் கடந்து ஓடுகின்றன. காந்தப் புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். அந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. சாதாரணக் காற்றில் 1 மி.மீ. இடைவெளியை மின்பொறி தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சிலிண்டருக்குள் கலவை பல மடங்கு அழுந்தியிருப்பதால் இன்னும் அதிகம் வேண்டும். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால், வெளியே நன்றாகப் பொறி தரும் பிளக் உள்ளே தராமல் போவது இதனால்தான். இடைவெளி எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்து, இடைமானியால் அளந்து சரி செய்யுங்கள்.

எரிபொருள்: பல முறை கயிற்றை இழுத்த பின்னும் பிளக் உலர்ந்தே இருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. தொட்டியின் மூடியில் உள்ள காற்றுத் துளை திறந்திருக்கிறதா, குழாயில் விரிசல் உண்டா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கார்புரேட்டருக்குப் போக வேண்டும். காற்றுத் துளையை மூடியிருந்தால் எரிபொருள் இறங்க இறங்கத் தொட்டிக்குள் அழுத்தம் குறையும். சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றுவிடும். வெறும் ஒரு திருகை மறந்ததால் படகு நடுநீரில் நிற்கும்!

எண்ணெயும் எரிபொருளும்

எண்ணெய் கலக்கும் விகிதம் கையேட்டில் இருக்கும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் எரிபொருளுக்கு 20 மி.லி.; 25-க்கு 1 என்றால் 40 மி.லி. கண் அளவு கூடாது. உங்கள் ஆய்வகத்தில் இருப்பது போன்ற அளவு சாடியால் அளந்து ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள் எண்ணெயை இதில் பயன்படுத்தலாமா? கூடாது. காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் மிகவும் சூடாக ஓடுவது. படகு மோட்டார் இடைவிடாமல் புதுநீரால் குளிர்ச்சி பெறுவது. குறைந்த சூட்டில் சாம்பல் படியாமல் எரியவேண்டி, நீரால் குளிரும் எஞ்சின்களுக்கென்றே 'டி.சி.டபிள்யூ-3' என்ற தர எண்ணெய் விற்கிறார்கள்.

அடுத்தது பழைய பெட்ரோல். பெட்ரோல் பல மாதங்கள் நின்றால் அதன் இலகுவான பகுதிகள் ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசின் போலாகும். கார்புரேட்டரில் உள்ள எரிபொருள் துளை ஊசி முனை அளவே ஆனது. அது அடைபட ஒரு துளிப் பிசின் போதும். எனவே மோட்டாரை எடுத்து வைக்கும் முன், எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம்.

இக்காலத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இன்று இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும். அரைகுறையாக நிரம்பிய தொட்டி மழைக்காலத்தில் கிடந்தால், சிறிது சிறிதாக ஈரம் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். நாம் கலந்த மசகெண்ணெயோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். தொட்டியின் உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது? அடியில். ஆக எஞ்சினுக்குள் முதலில் போவது எண்ணெயில்லாத நீர்க்கலவை! பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும். எனவே பழைய மோட்டார் வைத்திருப்பவர் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும், வேண்டிய அளவு மட்டுமே வாங்கிப் புதிதாகக் கலப்பதும் நல்லது.

மீனவர்களின் மோட்டார்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் இவை மண்ணெண்ணெயில் கிளம்புவதில்லை. பெட்ரோல் ஆவி உறைநிலைக்கும் கீழே உள்ள குளிரிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவு ஆவியாவதற்கு ஏறத்தாழ 35 முதல் 40 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். எனவே பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரைக்கு வரும்போது மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டியே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது. விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்துப் போவதற்கு இது ஒரு காரணம்.

சிறுதாரையைக் கவனியுங்கள்

மோட்டார் ஓடும்போது அதன் பின்புறத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீய்ச்சுவதைப் பார்க்கலாம். அது கசிவு அன்று. குளிர்நீர் ஒழுங்காகச் சுற்றி வருகிறது என்பதற்கான அறிகுறி. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, படகோட்டி அடிக்கடி இத்தாரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 குதிரைத் திறன் என்பது சுமார் 6 கிலோவாட். சிறிய இரு வீச்சு எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும் என்று கொள்வோம். அப்படியானால் 6 கிலோவாட் வேலைக்கு 30 கிலோவாட் ஆற்றலைச் செலவழிக்கிறோம். வீணாகும் 24 கிலோவாட்டில் பெரும்பகுதி புகையோடு போய்விட, 10 கிலோவாட் குளிர்நீருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். நீர் 30 டிகிரியில் உள்ளே போய் 55 டிகிரியில் வெளியே வந்தால், ஒரு லிட்டர் நீர் சுமார் 105 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆகவே பத்து விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஓடியாக வேண்டும்.

நீர் நின்றுவிட்டால்? எஞ்சின் தலையில் 5 கிலோ அலுமினியம் இருப்பதாகக் கொள்வோம். அதன் வெப்பநிலை ஒரு டிகிரி உயர 4.5 கிலோஜூல் போதும். பத்துக் கிலோவாட் வெப்பம் வந்து சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு டிகிரி வீதம் ஏறும். ஒரே நிமிடத்தில் நூறு டிகிரிக்கு மேல்! பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சிலிண்டரின் உட்சுவர் இரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். இடையில் இருந்த மயிரிழை இடைவெளி மறைந்து, பிஸ்டன் இறுகிக்கொள்ளும். "சீஸ் ஆகிவிட்டது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

நீரை மேலேற்றுவது காலின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர் சக்கரம். அதன் இதழ்கள் வளைந்து வளைந்து நீரைத் தள்ளுகின்றன. அவற்றுக்கு மசகாக இருப்பதும் அந்த நீரேதான். எனவே மோட்டாரை நீரில் வைக்காமல் 'சும்மா ஒரு தடவை கிளப்பிப் பார்க்கலாம்' என்று நினைக்கவே கூடாது. சில விநாடிகளிலேயே ரப்பர் கருகத் தொடங்கும். பழைய மோட்டார் வாங்கினால் முதல் வேலையாக இந்த ரப்பர் சக்கரத்தை மாற்றிவிடுங்கள். விலை குறைவு, அது காப்பதோ முழு எஞ்சினை. நெடுநாள் கிடந்த சக்கரத்தின் இதழ்கள் வளைந்த நிலையிலேயே நிலைத்துப் போயிருக்கும்.

ஓடும்போது தாரை நின்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். காலை உயர்த்தி, நீர் உறிஞ்சும் துளைகளைப் பிளாஸ்டிக் பை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளநீரில் இது மிகச் சாதாரணம். அடுத்து, தாரை வெளிவரும் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். மணலோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கலாம்.

உப்பு என்னும் பகைவன்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. எஞ்சினுக்குள் தங்கிய நீர் உலர்ந்தால் உப்பு படிந்து குளிர்நீர் வழியைச் சிறுகச் சிறுக அடைக்கும். எனவே கடலில் ஓடிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவ வேண்டும். பெரிய பீப்பாயில் நன்னீரை நிரப்பி, உறிஞ்சு துளைகள் நன்றாக மூழ்கும்படி மோட்டாரை மாட்டி, விசிறியைக் கழற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு.

உப்புநீர் இன்னொரு தீங்கும் செய்கிறது. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியக் கால், எஃகுத் தண்டு, வெண்கலப் பகுதிகள் என்று மோட்டாரில் பல உலோகங்கள் உண்டு. எது எலக்ட்ரான்களை எளிதில் இழக்குமோ அது அரிக்கப்படும். இதைத் தடுக்க, மோட்டாரின் அடிப்பகுதியில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். அது முந்திக்கொண்டு தன்னை இழந்து மற்றவற்றைக் காக்கிறது. இம்முறையை 1824-இல் ஹம்ஃப்ரி டேவி ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்கக் கண்டறிந்தார். செம்பு அரிக்கப்படுவது நின்றது. ஆனால் செம்பு கரையாததால் சிப்பிகளும் பாசியும் கப்பலின் அடியில் அச்சமின்றி ஒட்டிக்கொண்டன என்பது தனிக் கதை!

இந்தத் தியாகக் கட்டிக்குப் பலர் அழகுக்காகப் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். நீரைத் தொடாத துத்தநாகம் யாரையும் காக்காது. பாதி கரைந்ததும் கட்டியை மாற்றிவிட வேண்டும். கரையாமலே இருந்தால் மகிழ வேண்டாம். அது உலோகத்தோடு சரியாகத் தொடர்பு கொள்ளவில்லை என்று ஐயப்படுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: மூன்று கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். முதல் ஆணியை அப்படியே போடுங்கள். இரண்டாவதில் செப்புக் கம்பியை இறுகச் சுற்றுங்கள். மூன்றாவதில் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிய துத்தநாகத் தகட்டைச் சுற்றுங்கள். மூன்று நாள் கழித்து எந்த ஆணி மிகுதியாகத் துருப்பிடித்திருக்கிறது, எது பளபளப்பாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பல்சக்கரப் பெட்டியும் விசிறியும்

அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டி நீருக்குள்ளேயே வேலை செய்கிறது. உள்ளே எண்ணெய், வெளியே நீர், நடுவில் ஒரு ரப்பர் வளையம். இதன் எண்ணெயை ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பெட்டியில் மேலும் கீழுமாக இரண்டு திருகுகள் இருக்கும். கீழ்த்திருகைத் திறந்து, பிறகு மேல்திருகைத் திறந்தால் எண்ணெய் வடியும். வடிவது பால் கலந்த காப்பி போல் இருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.

புது எண்ணெயை மேலிருந்து ஊற்றாமல் கீழ்த்துளை வழியாகவே ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று மேல்துளை வழியாக வெளியேறும். மேல்துளையில் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல்திருகை முடுக்கிவிட்டு, பிறகு கீழ்க்குழாயை எடுத்துவிட்டுத் திருகை மாட்டுங்கள். எண்ணெய் கொட்டிவிடாதா? கொட்டாது. உறிஞ்சுகுழலின் மேல்நுனியை விரலால் மூடிக்கொண்டு இளநீரை வெளியே தூக்கிப் பார்த்திருப்பீர்களே! காற்றழுத்தம் அதைத் தாங்குவது போலவே இதையும் தாங்கும்.

ரப்பர் வளையத்தின் பெரிய எதிரி மீன்பிடி நரம்பு. அறுந்த நைலான் இழை விசிறித் தண்டில் சுற்றிக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று இறுகி, வளையத்தை அறுத்துவிடும். அவ்வப்போது விசிறியைக் கழற்றி இழை சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன் பிளக் தொப்பியைக் கழற்றிவிட மறக்காதீர்கள். விசிறியைக் கையால் சுற்றினால்கூட எஞ்சின் கிளம்பிவிட வாய்ப்பு உண்டு.

பழைய சிறு மோட்டார்களில் விசிறியைத் தண்டோடு இணைப்பது ஒரு மென்மையான உலோக ஊசி. விசிறி பாறையிலோ மூழ்கிய மதிற்சுவரிலோ மோதினால் இந்த ஊசி முறிந்து, பல்சக்கரங்களைக் காக்கும். மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை இது இயந்திரத்தில் செய்கிறது. "அடிக்கடி முறிகிறதே" என்று சலித்து, கடினமான எஃகு ஆணியை வெட்டிச் செருகுகிறவர்கள் உண்டு. அடுத்த மோதலில் ஊசிக்குப் பதில் பல்சக்கரமே உடையும். அப்போது கையில் துடுப்பு இருந்தால்தான் கரை சேரலாம். இரண்டு மாற்று ஊசிகளையும் ஒரு குறட்டையும் படகிலேயே கட்டி வையுங்கள்.

மூழ்கிய மோட்டார்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது நம் கரையெங்கும் ஏராளமான படகு மோட்டார்கள் கடல்நீரிலும் மணலிலும் அகப்பட்டன. இப்படி மூழ்கிய மோட்டார் செத்துப் போனது என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நேரம் முக்கியம். வெளியே எடுத்தவுடன் ஈரமும் உப்பும் காற்றின் ஆக்சிஜனும் ஒன்று சேர்வதால், துரு மிக விரைவாகப் பிடிக்கும். உடனே நன்னீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளை கீழ்நோக்கும்படி சாய்த்து, கயிற்றை மெல்ல இழுத்து நீரை வெளியேற்ற வேண்டும். நீர் அழுந்தாது என்பது நினைவிருக்கட்டும். பிளக்கைக் கழற்றாமல் இழுத்தால் உள்ளே உள்ள பகுதிகள் வளைந்துவிடும். பிறகு எண்ணெயைத் தாராளமாக ஊற்றிச் சுழற்றி, கூடிய விரைவில் மெக்கானிக்கிடம் சேர்க்க வேண்டும். மணல் புகுந்திருந்தால் எந்தக் காரணம் கொண்டும் கிளப்பக் கூடாது. முழுவதும் பிரித்துக் கழுவிய பிறகே ஓட்டலாம்.

எடுத்து வைக்கும் முறை

மோட்டாரை நிற்க வைத்தே பாதுகாக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் நீர் வடியும். தலை தாழவும் கால் உயரவும் கிடத்தினால் காலில் நின்ற நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். பிளக் துளையில் சில துளி எண்ணெய் விட்டுக் கயிற்றை இருமுறை மெல்ல இழுத்தால் உட்சுவரில் எண்ணெய்ப் படலம் ஒன்று படியும். அவசரத் தேவைக்கென வைத்திருக்கும் மோட்டாரை மாதம் ஒரு முறை பீப்பாய் நீரில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நாள், ஓடிய நேரம், மாற்றிய பொருள்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பழைய மோட்டாரோடு இப்படி ஒரு நோட்டும் வந்தால் அதன் மதிப்பே தனி.

ஓட்டும்போது மிதவைச் சட்டையும், எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுவதும் கட்டாயம். ஓட்டுபவர் தவறி நீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவரையே தாக்கக் கூடும்.

இரு வீச்சு மோட்டாரின் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு வரை எரியாமலே புகையோடு நீரில் கலக்கிறது. அதனால்தான் நான்கு வீச்சு மோட்டார்கள் பெருகி வருகின்றன. ஆனால் புதிது வாங்க வசதியில்லாதவர் கையில் உள்ள பழையதை ஒழுங்காகப் பேணினால், எண்ணெய்ச் செலவும் குறையும், மாசும் குறையும்.

குமணன்சாவடியைச் சுற்றி இரு சக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய இரு வீச்சு வண்டிகளைப் பிரித்துப் பழகிய கைகளும் இன்னும் அங்கே இருக்கின்றன. அவர்களிடம் கைத்திறன் இருக்கிறது; உங்களிடம் ஏன், எதற்கு என்ற கேள்வி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எந்த மழைக்காலத்துக்கும் ஒரு மோட்டார் தயாராக நிற்கும்.

சிந்திக்க

1. 25-க்கு 1 விகிதத்தில் 12 லிட்டர் எரிபொருளுக்கு எத்தனை மி.லி. எண்ணெய் தேவை?

2. செம்பரம்பாக்கம் ஏரி போன்ற நன்னீரில் மட்டும் ஓடும் மோட்டாருக்குத் துத்தநாகத்தைவிட மக்னீசியக் கட்டி ஏன் சிறந்தது?

3. குளிர்நீர்த் தாரை வழக்கத்தைவிட மிகச் சூடாக வருகிறது. ஆனால் நிற்கவில்லை. என்ன நடந்திருக்கலாம்?